க்ராப்ஸ் பழக எது நல்ல வழி: ஆப்பா, வீட்டுத் தரையா, கசினோ மேசையா?

சேலத்தில் சொந்தக்காரர் ஒருவராவது சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இல்லாத தெரு இப்போது குறைவு. மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்களும் கம்பெனி டூரில் போகிறவர்களும் மெரினா பே சாண்ட்ஸிலோ லாஸ் வேகாஸிலோ கசினோவுக்குள் ஒரு எட்டு வைத்துப் பார்ப்பதுண்டு. உள்ளே அதிகச் சத்தம் கேட்கிற இடம், இரண்டு பகடை உருட்டிப் பந்தயம் கட்டும் க்ராப்ஸ் மேசைதான். விளிம்பு உயர்ந்த நீள மேசையைச் சுற்றி ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். விரித்த துணி முழுக்கக் கட்டமும் எழுத்துமாக இருக்கும். ஒருவர் பகடையை வீசியதும் பாதிப் பேர் கத்துவார்கள். நம்ம ஆட்கள் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஸ்லாட் மெஷின் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

அதுதான் எனக்கு வருத்தம். ஸ்லாட் மெஷின் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று முன்னால் உட்கார்ந்திருப்பவர் கணக்குப் போட வழியே இல்லை. க்ராப்ஸில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது, பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். புரியாதவரை மிரட்டுகிற ஆட்டம், புரிந்த பிறகு கசினோவிலேயே நேர்மையான ஆட்டங்களில் ஒன்றாகத் தெரியும். ஆகவே பழகிவிட்டுப் போங்கள். எப்படிப் பழகுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். போனில் இலவச ஆப் இருக்கிறது, யூடியூப் வீடியோ இருக்கிறது, கசினோவிலேயே சொல்லித் தருகிறார்கள், வீட்டில் இரண்டு பகடை வாங்கியும் உருட்டலாம்.

ஒரு வழியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் தளங்கள் வேண்டாம். ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்த பிறகு, தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தளம், பிடிக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஏதாவது ஆட்டத்தில் பணம் விட்டுக் கடன் வாங்கியவர் என்றால், இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வழியும் உங்களுக்கு வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, அக்கறையில் சொல்கிறேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இரண்டு பகடை. உருட்டுகிறவர் ஷூட்டர். பாஸ் லைன் என்ற பட்டையில் சிப்ஸை, அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை, வைத்துவிட்டு முதல் உருட்டைப் பார்க்க வேண்டும். 7 அல்லது 11 விழுந்தால் உடனே ஜெயிப்பு, வைத்த அளவுக்கே பணம் கிடைக்கும். 2, 3, 12 விழுந்தால் உடனே போச்சு. 4, 5, 6, 8, 9, 10 இவற்றில் எது விழுந்தாலும் அதுதான் பாயின்ட். அப்புறம் அந்த எண் மறுபடி விழும்வரை, அல்லது 7 விழும்வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாயின்ட் முந்தினால் ஜெயிப்பு. 7 முந்தினால் தோல்வி, பகடை அடுத்தவர் கைக்குப் போகும். முதல் உருட்டில் தூக்கிவிட்ட அதே 7 இரண்டாவது உருட்டிலிருந்து கவிழ்த்துவிடுகிறது. புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

ஆப்பில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

இலவச ஆப்பில் ஆதாயம் உண்டு. உண்மையான மேசையில் இருக்கும் அத்தனை கட்டமும் அதே இடத்தில் இருக்கும். பாயின்ட் விழுந்ததும் ஆன், ஆஃப் என்று எழுதிய வட்டு அந்த எண் மேல் போய் உட்காரும். கம், ஃபீல்ட், ஹார்ட்வே என்று எந்தப் பந்தயம் எங்கே இருக்கிறது என்பது நாலு நாளில் கண்ணில் பதிந்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடியே பழகலாம், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

ஆனால் கணக்கு முழுவதையும் ஆப்பே போட்டுவிடுகிறது. ஜெயித்தால் எண் ஏறும், தோற்றால் இறங்கும். ஏன் இவ்வளவு கொடுத்தார்கள், ஏன் இந்தச் சிப்ஸை எடுக்க விடவில்லை என்று கேட்கத் தோன்றாமலே நூறு உருட்டு ஓடிவிடும். அதைவிட எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. இலவசமாகப் பத்தாயிரம் சிப்ஸ் கொடுத்துவிட்டால், கை தானாகப் பெரிய பந்தயத்துக்குப் போகும். தீர்ந்தால் இன்னும் கொடுப்பார்கள், அல்லது காசுக்கு விற்பார்கள். அந்தப் பழக்கத்தோடு நிஜ மேசைக்குப் போவது நல்லதல்ல. ஆப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதிலேயே தொடங்குவது சரியில்லை என்பது என் கருத்து.

வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசையில் எப்படி நிற்பது, பகடையை எப்படி எடுப்பது என்பதைப் பார்க்க நல்லவை. “இப்படிப் போட்டால் நிச்சயம் ஜெயிக்கலாம்” என்று தொடங்குகிற வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள்.

வீட்டில், கேரம் போர்டில்

நான் முதலிடம் கொடுப்பது வீட்டுக்குத்தான். லூடோ பெட்டியிலிருந்து ஒரே அளவில் இரண்டு பகடை, ஒரு கேரம் போர்டு, ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஸ்கெட்ச் பேனா, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. இவ்வளவுதான் செலவு. சார்ட் பேப்பரைப் போர்டுக்குள் அடங்கும்படி வெட்டி, பாஸ் லைன் ஒரு பட்டை, மேலே 4, 5, 6, 8, 9, 10 என்று ஆறு கட்டம் வரைந்துகொண்டால் மேசை தயார். கேரம் போர்டு ஏன் என்றால், நிஜ மேசையில் பகடை எதிர்ச் சுவரில் மோதித் திரும்ப வேண்டும் என்பது விதி. போர்டின் கட்டை அந்த வேலையைச் செய்கிறது. கையிலிருந்து மெதுவாக நழுவவிட்டு ஏமாற்ற முடியாது.

ஏற்காட்டில் ஒருமுறை விடாமல் மழை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தவர்கள் ஏரிக்கும் போக முடியாமல், லேடீஸ் சீட்டுக்கும் போக முடியாமல் அறைக்குள்ளேயே முடங்கியபோது இப்படி ஒரு போர்டு போட்டோம். எங்கள் அத்தை சின்ன வயதிலிருந்து தாயம் ஆடுகிறவர். பாயின்ட் 4 என்று விழுந்ததும், பாஸ் லைனில் வைத்திருந்த தன் புளியங்கொட்டைகளைச் சத்தமில்லாமல் மடிப்பக்கம் இழுத்தார்.

“அத்தை, பாயின்ட் விழுந்ததுக்கு அப்புறம் எடுக்கக் கூடாதுங்க.”

“ஏன்டா, நாலு எங்கே விழப்போவுது? ஏழுதான் சும்மா சும்மா விழுது. அது வர்றதுக்குள்ள எடுத்துக்கறேன்.”

அவர் சொன்னதில்தான் பாஸ் லைனின் சூட்சுமமே இருக்கிறது. இரண்டு பகடை 36 விதமாக விழலாம். 7-க்கு ஆறு வழி. 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து. 5-க்கும் 9-க்கும் நான்கு. 4-க்கும் 10-க்கும் மூன்று. 3-க்கும் 11-க்கும் இரண்டு. 2-க்கும் 12-க்கும் ஒன்றே ஒன்று. முதல் உருட்டில் உங்களுக்கு ஜெயிக்க எட்டு வழி, தோற்க நான்கே வழி. இரு மடங்கு சாதகம். பாயின்ட் விழுந்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது. 4-க்கு மூன்று வழி, அதைக் கெடுக்கும் 7-க்கு ஆறு. சாதகமான நேரத்தில் வைத்துவிட்டுப் பாதகமான நேரத்தில் எடுத்துக்கொள்ள விட்டால் கசினோவுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் பாஸ் லைன் பந்தயத்தைப் பாயின்ட் விழுந்த பிறகு எடுக்க விடுவதில்லை. ஆப்பில் சிப்ஸ் நகராது, அவ்வளவுதான் தெரியும். ஏன் நகரவில்லை என்பது கிண்ணத்தைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டால்தான் மண்டையில் ஏறும்.

தாயம் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கணக்கே அல்ல. நம்ம பித்தளைத் தாயக்கட்டையில் ஒரு பக்கம் வெறுமை, மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழும். 3 விழ நான்கு வழி, தாயம் விழ இரண்டே வழி, 6-க்கும் 12-க்கும் ஒவ்வொன்று. தாயம் விழாமல் காயை இறக்க முடியாமல் காத்துக் கிடந்தவர்களுக்கு, எல்லா எண்ணும் சமமாக விழாது என்பது கைப்பழக்கத்திலேயே தெரியும். அந்த அறிவை அப்படியே க்ராப்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

வீட்டில் ஆடும்போது ஒரு வேலை அவசியம் செய்யுங்கள். ஒவ்வொரு உருட்டையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுங்கள். நூறு உருட்டு தாண்டினால் 7-க்கு நேரே கோடுகள் குவிய ஆரம்பிக்கும், 2-ம் 12-ம் காய்ந்து கிடக்கும். நடுவில் 7 வராமலே இருபது உருட்டு ஓடுவதும் நடக்கும். 2009 மே மாதம் அட்லாண்டிக் சிட்டியில் பட்ரிசியா டெமாரோ என்ற பெண்மணி 154 முறை உருட்டி, 4 மணி 18 நிமிடம் பகடையைக் கைவிடாமல் நின்றார். அதற்கு வாய்ப்பு சுமார் 560 கோடியில் ஒன்று. ஒரு ஷூட்டருக்குச் சராசரி எட்டரை உருட்டுதான். இந்தச் சராசரி எவ்வளவு இழுபடும், எவ்வளவு சுருங்கும் என்பதை நோட்டில் பார்த்தவர், கசினோவில் யாராவது “இந்த மேசை இன்னிக்குச் சூடா இருக்கு” என்று சொன்னால் அதை நம்பிப் பந்தயத்தை ஏற்ற மாட்டார்.

காசு மட்டும் வைக்காதீர்கள். புளியங்கொட்டைக்குக் காசு மதிப்புப் போடுவதும் வேண்டாம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அது நல்லதில்லை.

வீட்டுப் பழக்கத்தில் குறையும் உண்டு. ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். யாராவது ஒருவர் டீலராக உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அது சலிப்பான வேலை. ஆனாலும் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் டீலராக இருந்தவருக்கு, ஒரு மாதம் ஆப்பில் ஆடியவரைவிட அதிகம் தெரியும்.

எந்தப் பந்தயத்தில் கை வைப்பது

வழியைத் தேர்ந்தெடுப்பது பாதி என்றால், எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது மீதி. இங்கே முதல் போட்டி பாஸ் லைனுக்கும் டோன்ட் பாஸுக்கும். டோன்ட் பாஸ் என்றால் ஷூட்டர் தோற்பார் என்று வைப்பது. 2, 3 விழுந்தால் உங்களுக்கு ஜெயிப்பு, 12 விழுந்தால் யாருக்கும் இல்லை, பாயின்ட் விழுந்த பிறகு 7 உங்கள் கட்சி. கசினோவின் பிடித்தம் பாஸ் லைனில் 1.41 சதவீதம், டோன்ட் பாஸில் 1.36. ஆயிரம் ரூபாய் வைத்தால் சராசரியாக முன்னதில் 14 ரூபாய் 14 காசு போகும், பின்னதில் 13 ரூபாய் 64 காசு. வித்தியாசம் ஐம்பது காசு. அந்த ஐம்பது காசுக்காகப் புதியவர் டோன்ட் பாஸ் பக்கம் போக வேண்டியதில்லை. மேசையில் இருக்கிற பெரும்பாலோர் சந்தோஷப்படும்போது நீங்கள் தோற்பீர்கள், அவர்கள் நொந்து நிற்கும்போது நீங்கள் ஜெயிப்பீர்கள். விதியே இன்னும் முழுசாகப் பிடிபடாதபோது அந்தச் சங்கடமும் எதற்கு? பாஸ் லைனில் தொடங்குங்கள்.

அடுத்தது ஆட்ஸ். துணியில் பெரும்பாலும் இதற்குக் கட்டமே இருக்காது, விளம்பரமும் இருக்காது. பாயின்ட் விழுந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னால் கூடுதலாகச் சிப்ஸ் வைப்பதுதான் ஆட்ஸ். 4, 10 என்றால் ஒன்றுக்கு இரண்டு கொடுப்பார்கள். 5, 9 என்றால் இரண்டுக்கு மூன்று. 6, 8 என்றால் ஐந்துக்கு ஆறு. மேலே எழுதிய வழிகளை எடுத்துப் பாருங்கள்: 4-க்கு மூன்று வழி, 7-க்கு ஆறு, அதாவது ஒன்றுக்கு இரண்டு. அச்சு அசலாகப் பொருந்துகிறது. கசினோ இதில் ஒரு காசும் பிடிப்பதில்லை. முழுக் கட்டடத்திலும் இப்படி ஒரு பந்தயம் கிடைப்பது அரிது.

இதைச் சொல்லும் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பாஸ் லைனில் வைத்த அதே அளவு ஆட்ஸ் வைத்தால் மொத்தப் பிடித்தம் 1.41-லிருந்து 0.85 ஆகக் குறைகிறது என்பார்கள். சதவீதம் குறைவது உண்மைதான். பாஸ் லைனில் போகிற அந்தப் 14 ரூபாய் அப்படியேதான் போகிறது, மேசையில் கிடக்கும் மொத்தப் பணம் கூடியதால் சதவீதம் சிறியதாகத் தெரிகிறது. ஏற்ற இறக்கம் மட்டும் பெரிதாகும். ஆகவே, எப்படியும் முப்பது டாலர் வைக்கப் போகிறவர் அதைப் பாஸ் லைனில் பதினைந்து, ஆட்ஸில் பதினைந்து என்று பிரிப்பது புத்திசாலித்தனம். பதினைந்துதான் கையில் இருக்கிறது என்றால் ஆட்ஸை மறந்துவிடுங்கள்.

7-க்கு முன்னால் அந்த எண் விழும் என்று 6-லும் 8-லும் வைக்கும் ப்ளேஸ் பந்தயம் 1.52 சதவீதம், பரவாயில்லை. அதற்கு மேல் போகாதீர்கள். மேசை நடுவில் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும் கட்டங்கள் எல்லாம் செலவாளிகள். 6-ஐ மூன்று மூன்றாக விழ வைக்கும் ஹார்ட்வேயில் 9 சதவீதத்துக்கு மேல், அடுத்த உருட்டே 7 என்று வைக்கும் எனி செவனில் 16.67 சதவீதம். அதைவிட வேகத்தைப் பாருங்கள். பாஸ் லைன் பந்தயம் முடிய சராசரி சுமார் 3.4 உருட்டு ஆகும், எனி செவன் ஒவ்வொரு உருட்டிலும் முடிந்துபோகும். உருட்டுக்கு உருட்டு ஒப்பிட்டால் எனி செவனில் பணம் கரையும் வேகம் சுமார் 40 மடங்கு. ஒரே மேசை, ஒரே பகடை, வைக்கும் இடத்தில் மட்டும் இத்தனை வித்தியாசம்.

மேசைக்குப் போகும்போது

லாஸ் வேகாஸில் சில கசினோக்களில் காலை நேரம் இலவசப் பாடம் நடப்பதுண்டு. டீலரே பகடையைக் கையில் கொடுத்துச் சொல்லித் தருவார். வீட்டில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும், மேசையின் நடைமுறை. பணத்தை டீலர் கையில் கொடுக்கக் கூடாது, துணி மேல் வைக்க வேண்டும். பகடையை ஒரு கையால்தான் எடுக்க வேண்டும், இன்னொரு கைக்கு மாற்றக் கூடாது. வேறொருவர் வீசும்போது விளிம்புக்கு உள்ளே கையைத் தொங்கவிடக் கூடாது. பகடை உங்கள் கையில் பட்டு 7 விழுந்தால் அத்தனை பேரும் உங்களையே பார்ப்பார்கள். அதே காரணத்துக்காக மேசையில் நின்றுகொண்டு “செவன்” என்று வாய்விட்டுச் சொல்லாதீர்கள். ஆனால் பாடம் மட்டுமே போதும் என்று வெறும் தலையோடு போனால், ஒரு மணி நேரத்தில் இருபது பந்தயத்தின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். எதை வைக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வது அவர்கள் வேலையல்ல.

பாடம் கிடைக்காத இடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் பகடை துள்ளும் மெஷின் இருந்தால் முதல் ஆட்டத்துக்கு நல்லது. உட்கார்ந்து ஆடலாம், குறைந்தபட்சப் பந்தயம் பெரும்பாலும் மேசையைவிடச் சிறியது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தால் என் வரிசை இதுதான். முதலில் சில சாயங்காலம் கேரம் போர்டு. பாயின்ட், ஆட்ஸ் இரண்டும் யோசிக்காமல் வாயில் வந்த பிறகு ஆப், அதிலும் பாஸ் லைனும் ஆட்ஸும் மட்டும். கடைசியில் அங்கே போய்ப் பாடமோ மெஷினோ. இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் ஆப்பை விட்டுவிடுங்கள், ஒரு ராத்திரி பகடை உருட்டுங்கள், விமானத்தில் ஒரு வீடியோ பாருங்கள். கூட ஆட ஆளே இல்லாதவர் மட்டும் ஆப்பை முன்னால் வைத்துக்கொள்ளலாம். அவரும் நோட்டில் உருட்டுகளை எழுதியே ஆக வேண்டும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கேயே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வாங்கிவிட்ட மாமாவும் மச்சானும் ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால்தான் உள்ளே வர முடியும். “நீங்களும் வாங்களேன்” என்று அவர்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆசியக் கசினோக்களில் க்ராப்ஸ் மேசை குறைவு, மூன்று பகடை வைத்து ஆடும் சிக் போ மேசைதான் அதிகம் கண்ணில் படும். க்ராப்ஸ் மேசை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. இல்லையென்று சொல்லி சிக் போவில் நின்றீர்களானால், பெரியது சிறியது என்ற இரண்டு கட்டத்தை மட்டும் பாருங்கள். அதிலும் பிடித்தம் 2.78 சதவீதம், பாஸ் லைனைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.